வீட்டிலேயே ஒரு சைக்கிள் திருத்துமிடம்

உங்கள் வீட்டில் எத்தனை சைக்கிள்கள் இருக்கின்றன, சகோதரி? ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விறாந்தைத் தூணில் சாய்ந்து நிற்பது ஒன்று. மகன் பாடசாலைக்குக் கொண்டு போவது ஒன்று. மகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த கூடை வைத்த சைக்கிள் ஒன்று. கிணற்றடிக்குப் பின்னால், தகரத்தோடு தகரமாகத் துருப்பிடித்துக் கிடக்கும் வாப்பாவின் பழைய றலி ஒன்று.

இனி இன்னொரு கணக்குப் பாருங்கள். இவற்றில் இன்று காலையில் ஏறி மிதிக்கக் கூடியவை எத்தனை?

நற்பிட்டிமுனையானாலும் சரி, மருதமுனையானாலும் சரி, சாய்ந்தமருதானாலும் சரி, இந்த இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் வீடு அபூர்வம். ஒன்றுக்குக் காற்று இல்லை. ஒன்றின் செயின் கழன்று தொங்குகிறது. இன்னொன்றுக்குப் பிறேக் பிடிக்காது. "வாப்பா வந்து கடைக்குக் கொண்டு போவார்" என்று சொல்லி வைத்த சைக்கிள், மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். அதற்குள் கடற்காற்று தன் வேலையைச் செய்து முடித்துவிடும்.

இதனால் நட்டப்படுவது யார்? பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான். மகனுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போனால், அவன் சந்திக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். மகளுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போனால், அவள் அன்று பின்னேர வகுப்புக்குப் போவதில்லை. மறுநாளும் போவதில்லை. ஒரு ஊசித் துவாரம் ஒரு பிள்ளையின் கணித பாடத்தை இரண்டு கிழமைக்கு நிறுத்தி வைக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் இரண்டு கிழமை என்பது சிறிய விடயமா, சொல்லுங்கள்?

அந்தத் துவாரத்தை அடைக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் போதும். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடவும், பொபின் சிக்கினால் கழற்றிப் பார்க்கவும் தெரிந்த பெண்ணுக்கு சைக்கிள் ஒரு பெரிய வித்தை அல்ல. சொல்லப்போனால் தையல் மெஷினை விட சைக்கிள் இலேசு. அதன் பாகங்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வெளியே இருக்கின்றன.

சைக்கிள் கைகொடுத்த காலங்கள்

சைக்கிளின் அருமை நமக்குப் பஞ்ச காலத்தில்தான் தெரிகிறது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் போகாதிருந்த காலத்தில், அங்குள்ள மக்களைத் தாங்கியது சைக்கிள்தான். நோயாளியை ஏற்றியதும் அதுவே. விறகு சுமந்ததும் அதுவே. பற்றரி இல்லாத வானொலிப் பெட்டியை சைக்கிள் டைனமோவில் பொருத்தி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்டார்கள்.

2022-ஆம் ஆண்டை யாரும் நமக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2021 டிசம்பர் கடைசியில் ஒரு லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் எரிபொருள் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தன. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த அந்த நாட்களில், பின்வளவில் எறிந்து கிடந்த பழைய சைக்கிள்களை எல்லோரும் தேடி எடுத்தோம். எடுத்துப் பார்த்தால் டயர் வெடித்திருந்தது, செயின் இறுகியிருந்தது. கவனமாக வைத்திருந்தவர்கள் அன்றைக்கே ஏறிப் போனார்கள். மற்றவர்கள் திருத்தும் கடையின் வாசலில் இன்னொரு வரிசையில் நின்றார்கள்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நடந்ததையும் கேளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தது. அப்போது அங்கு மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுதப் படிக்கக் கற்பதோடு, கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பாடசாலையில் விட, விளைபொருளை விற்க என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் சைக்கிளையே நம்பினார்கள். இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோன போது, அந்தப் பெண்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்களாம். சீட்டுக்கும் ஹான்டிலுக்கும் இடையிலுள்ள கம்பியில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அதில் அவர்கள் கண்ட வசதி!

ஓட்டத் தெரிந்தால் பாதி விடுதலை. திருத்தவும் தெரிந்தால்தான் அது முழுமையாகும். நடுவழியில் நின்றுபோகும் சைக்கிள், ஓட்டத் தெரிந்தவளையும் பிறர் கையை எதிர்பார்க்க வைத்துவிடுகிறது அல்லவா?

இடம் எது?

பெரிய அறை தேவையில்லை. ஒரு கட்டில் போடக்கூடிய அளவு இடம் போதும். பக்க விறாந்தையின் கோடியோ, பின்பக்கம் இறக்கிய தகரப் பந்தலோ பொருத்தமானது. மூன்று விடயங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது, தரை. மணலில் வைத்து சைக்கிள் திருத்தக் கூடாது. கழற்றி வைக்கும் சிறு நட்டும் போல்ஸும் மணலில் விழுந்தால் கிடைக்காது. கிறீஸ் பூசிய இடத்தில் மணல் ஒட்டினால், அதுவே உள்ளிருந்து அரைத்துத் தின்னத் தொடங்கிவிடும். சீமெந்துத் தரை இல்லாவிட்டால், ஒரு பழைய பாயையோ உரப்பையையோ விரித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, காற்று. எங்கள் பகுதியில் கடல் அதிக தூரத்தில் இல்லை. உப்புக் கலந்த ஈரக்காற்று இரும்பின் முதல் எதிரி. எனவே கிழக்குப் பக்கம் திறந்த இடத்தை விட, சுவர் மறைத்த இடம் நல்லது. வெயிலும் படக்கூடாது. தொடர்ந்து வெயில் படும் டயர் பக்கவாட்டில் வெடித்துவிடும்.

மூன்றாவது, குசினிக்கும் இந்த இடத்துக்கும் போதிய தூரம் இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சைக்கிளை நிறுத்தி வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தால் ஒன்றின் பெடல் மற்றதன் கம்பிக்குள் நுழைந்து வளைத்துவிடும். வீட்டு வளையில், அதாவது உறுதியான மரத்திலோ கொங்கிறீட்டிலோ, இரண்டு கொழுக்கிகளை அடித்துத் தொங்கவிடலாம். கொழுக்கிக்கு ரப்பர் குழாய்த் துண்டொன்று மாட்டிவிட்டால் றிம்மில் கீறல் விழாது. பழைய பெரிய சைக்கிள் 20 கிலோ வரை பாரம் இருக்கும். ஆகவே கிடுகுப் பந்தலின் கம்பில் தொங்கவிட வேண்டாம். கீழே சிறு பிள்ளைகள் விளையாடும் இடமாகவும் இருக்கக் கூடாது. அடிக்கடி எடுக்காத சைக்கிளைத் தொங்கவிடுவதில் ஒரு நன்மை, காற்றுக் குறைந்தாலும் டயர் தரையில் நசுங்கிக் கிடக்காது.

இன்னொன்று. சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் தண்டு பொருத்தியிருக்கும் குழாயின் அடியில், அல்லது சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில், ஓர் இலக்கம் குத்தப்பட்டிருக்கும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சைக்கிள் களவு போனால், "கறுப்பு நிற லுமாலா" என்று பொலிசில் சொல்வதை விட அந்த இலக்கம் பெறுமதியானது.

என்னென்ன சாமான்கள்?

ஒரேயடியாக எல்லாம் வாங்க வேண்டாம். முதலில் இவை போதும்:

காற்றடிக்கும் நல்ல பம்ப் ஒன்று. டயர் கழற்றும் தகடு இரண்டு அல்லது மூன்று. ஒட்டுத் துண்டுகளும் ரப்பர் சொலூஷனும். அரத்தாள் ஒரு துண்டு. அளவு மாற்றக்கூடிய ஸ்பேனர் ஒன்று, 15 மில்லிமீற்றர் ஸ்பேனர் ஒன்று. பட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, நட்சத்திர வாய் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. குறடு ஒன்று. செயின் எண்ணெய் ஒரு போத்தல், கிறீஸ் ஒரு சிறு டின். பழைய பேசன் ஒன்று. பழைய பருத்தித் துணி, பழைய பல் துலக்கும் பிரஷ் — இவை எந்த வீட்டிலும் உண்டு.

டயர் கழற்ற ஸ்க்ரூ டிரைவரைப் பாவிக்க வேண்டாம். ஒரு துவாரத்தை அடைக்கப் போய் இன்னும் இரண்டு துவாரம் போட்டுவிடும். வட்டமான பிடியுள்ள பழைய கரண்டிக் காம்பு அதை விடப் பரவாயில்லை.

கழற்றும் சாமான்களை வைக்க ஒரு தட்டை ஒதுக்குங்கள். கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக வரிசையாக வையுங்கள். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால், எது எங்கே என்ற குழப்பமே வராது. தொடக்கத்தில் இந்தப் பழக்கம் ஒரு வாத்தியாருக்குச் சமம்.

காற்றுப் போனால்…

முதலில் டியூபைச் சந்தேகிக்காதீர்கள். வால்வைப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய வகை வால்வில் ஒரு சிறு ரப்பர் உறை இருக்கும். அது இற்றுப் போனாலே காற்று இறங்கிவிடும். வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் குற்றவாளி அதுதான். உறையை மாற்றினால் வேலை முடிந்தது. டயரைக் கழற்றவே தேவையில்லை.

வால்வு சரியென்றால் டியூபை வெளியே எடுங்கள். காற்றடித்து, பேசன் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தைக் கண்டதும், போல்பொயின்ற் பேனாவால் அடையாளம் போடுங்கள். தண்ணீரைத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். அரத்தாளால் அந்த இடத்தைச் சொரசொரப்பாகத் தேயுங்கள். ஒட்டுத் துண்டை விடச் சற்றுப் பெரிதாக, மெல்லியதாகச் சொலூஷன் பூசுங்கள்.

இனித்தான் முக்கியமான கட்டம். உடனே ஒட்டாதீர்கள்! ஐந்து நிமிடம் பொறுங்கள். சொலூஷனின் ஈரப் பளபளப்பு மறைய வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. அதன் பிறகு துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துங்கள். வீட்டில் போடும் ஒட்டுக் கழன்று வருவதற்கு முக்கிய காரணம் இந்த ஐந்து நிமிட அவசரம்தான். ஒட்டிய இடத்தில் கொஞ்சம் பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

டியூபைத் திரும்ப வைக்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். வெறும் விரலை ஓட்டாதீர்கள். முள்ளோ கண்ணாடியோ இருந்தால் கையைக் கிழிக்கும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதை எடுக்காமல் மூடினால், நாளைக் காலை மறுபடியும் பேசன் தேவைப்படும்.

துவாரம் இருக்கும் இடமே அதன் காரணத்தைச் சொல்லும். வெளிப்பக்கம் ஒரே துவாரம் என்றால் முள் அல்லது ஆணி. உட்பக்கம், அதாவது றிம் பக்கம் என்றால், கம்பியின் நுனி குத்தியிருக்கிறது. றிம்மைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டி விலகியிருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும். பாம்பு கொத்தியது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துவாரம் என்றால், காற்றுப் போதாமல் குழியில் இறக்கியதால் வந்தது. முன்னும் பின்னும் ஆள் ஏற்றிச் செல்லும் சைக்கிளில் இது அடிக்கடி நடக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டே இருக்கிறது.

26 எல்லாம் 26 அல்ல!

கடைக்கு ஆளனுப்பி டயர் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. "இருபத்தாறு இஞ்சி டயர்" என்று சொல்லி அனுப்புவோம். வருவது சைக்கிளுக்கு ஏறாது. காரணம் என்ன? பழைய வகை பெண்கள் சைக்கிளின் டயரில் 26 × 1 3/8 என்று பின்னமாக எழுதியிருக்கும். மலைச் சைக்கிள் எனப்படும் தடித்த டயர் வகையில் 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியிருக்கும். இரண்டும் 26 என்றாலும் றிம்மின் விட்டம் வேறு. முன்னையது 590 மில்லிமீற்றர். பின்னையது 559 மில்லிமீற்றர். வாப்பாவின் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635 மில்லிமீற்றர்.

டயரின் பக்கத்தில் 37-590 என்பது போல் ஓர் இலக்கமும் இருக்கும். முதல் எண் டயரின் தடிப்பு, இரண்டாவது றிம்மின் அளவு. அந்த இரண்டாவது எண்ணை எழுதி அனுப்புங்கள். போன காசு திரும்பி வராது, மாற்றித் தரமாட்டோம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

செயினும் பிறேக்கும்

செயினை அளக்கத் தையல்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் துணி நாடாவால் அளக்க வேண்டாம். அடிமட்டம் ஒன்றை எடுங்கள். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதிய செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ஆணியின் நடு வரும். அது பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால், செயின் பல்லையும் தின்றிருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் வழுக்கும்.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நாட்செல்லப் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெயும் வேண்டாம். அதில் உலோகத் துகள் இருக்கிறது, தோலுக்கும் கூடாது. செயின் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உள்ளே. வெளியே இருப்பதெல்லாம் மணலுக்கு விரித்த பாய்.

பிறேக் உயிரோடு சம்பந்தப்பட்டது. கல்முனைப் பிரதான வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே உங்கள் பிள்ளை போகிறது என்பதை மனதில் வைத்து இதைச் சோதியுங்கள். பிறேக் கட்டை றிம்மில் மட்டுமே பட வேண்டும். டயரில் பட்டால் டயரைக் கிழித்துவிடும். கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினாலும் அது ஹான்டிலைத் தொடக் கூடாது. தொட்டால் கம்பியை இறுக்க வேண்டும், அல்லது கட்டை தேய்ந்திருக்கிறது. கேபிளில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். நூலறுந்த கயிற்றில் யாராவது கிணற்று வாளியைக் கட்டுவார்களா? றிம்மில் எண்ணெய் படவே கூடாது. மழையில் நனைந்த இரும்பு றிம்மில் பிறேக் மிக மெதுவாகத்தான் பிடிக்கும் என்பதையும், அதனால் மழையில் முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மாரி வருமுன்னே

நம் பகுதியில் மாரி என்றால் வெள்ளம். கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் பாய்வதும், அதற்குள்ளால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வயலுக்கும் வேலைக்கும் போவதும் நாம் காணாததா? சில்லின் அச்சுவரைக்கும் தண்ணீர் ஏறினால், உள்ளே இருக்கும் கிறீஸ் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதத்தில் சில்லு "கரகர" என்று சத்தம் போடத் தொடங்கும். போல்ஸ் தேய்ந்து, அவை உட்காரும் கிண்ணமும் பள்ளமாகியிருக்கும்.

இதற்கு மருந்து, வெள்ளத்தில் இறங்கிய சைக்கிளை அந்தக் கிழமைக்குள்ளேயே அவிழ்த்துக் கிறீஸ் மாற்றுவது. சில்லைக் கழற்றி, அச்சின் ஒரு பக்க நட்டையும் கொன்னையும் தளர்த்தி, போல்ஸ்களை ஒரு கிண்ணத்தில் வாங்குங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் முன் சில்லுக்குப் பக்கத்துக்குப் பத்துச் சிறு போல்ஸும், பின் சில்லுக்குப் பக்கத்துக்கு ஒன்பது பெரிய போல்ஸும் இருக்கும். கழற்றும்போதே எண்ணிவிடுங்கள். பழையதைத் துடைத்து, புதுக் கிறீஸை அப்பி, போல்ஸை அதில் ஒட்டவைத்து மூடுங்கள். கொன்னை இறுக்கும்போது சில்லு தடையின்றிச் சுற்றவும் வேண்டும், அங்கும் இங்கும் ஆடவும் கூடாது. அந்த நடுநிலை கைக்கு வரச் சில தடவை பிடிக்கும்.

பெடலைக் கழற்றும்போது ஒரு விடயம். வலது பெடல் எல்லா நட்டையும் போலத்தான். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கம். கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால்தான் அது கழலும். இது தெரியாமல் பலம் போட்டு இறுக்கியவர்கள் எத்தனையோ பேர்! பெடல் தண்டின் ஆப்பு அடித்து எடுப்பது, வளைந்த றிம்மை நேராக்குவது, உடைந்த கம்பிச் சட்டத்தை ஒட்டுவது ஆகியவற்றை மட்டும் அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள்.

அபாயாவும் பின் சில்லும்

பெண்பிள்ளையின் சைக்கிளில் ஆண்கள் கடையில் யாரும் கவனிக்காத ஓர் ஆபத்து உண்டு. அபாயாவின் ஓரமோ, பாவாடையோ, ஷோலின் நுனியோ செயினுக்குள் அல்லது பின் சில்லுக்குள் போய்விட்டால், வீதியின் நடுவில் விழ வேண்டியதுதான். எனவே செயினை மூடும் தகரக் கூடு மகளின் சைக்கிளில் கட்டாயம் இருக்க வேண்டும். கூடு கழன்றுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

பின் சில்லின் இரு பக்கத்துக்கும் ஒரு வலை போடலாம். சைக்கிளில் புகழ்பெற்ற ஒல்லாந்து நாட்டில், பின் சில்லின் மேற்பாதியை மூடும் இத்தகைய மறைப்பு மிகச் சாதாரணம். மட்காட்டின் ஓரத்தில் சிறு துவாரங்கள் இட்டு, அவற்றிலிருந்து அச்சை நோக்கி நைலோன் நூலை விசிறி போல் இழுத்துக் கட்டினால் போதும். நூல் வேலை தெரிந்த கைக்கு இது ஒரு பின்னேர வேலை. கட்டிய நூல் தளராமல் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த நூலே சில்லில் சிக்கிவிடும்.

குசினிக்குத் தூரமாக என்று ஏன் சொன்னேன்?

துரு நீக்கவும் செயின் கழுவவும் மண்ணெண்ணெய் பாவிப்போம். ரப்பர் சொலூஷனும் இலகுவில் தீப்பிடிக்கக் கூடியது. அதன் வாசனையை அடைத்த அறையில் சுவாசிப்பதும் நல்லதல்ல. அடுப்பு எரியும் இடத்தில் இவற்றைத் திறக்கவே கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, தாய்மாரே! மண்ணெண்ணெயைக் குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளை குடித்துவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாந்தி எடுக்கையில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனடியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பூட்டக்கூடிய ஒரு சிறு தகரப் பெட்டி, அல்லது பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத் தட்டு, இந்தத் திருத்துமிடத்தின் முதல் சாமானாக இருக்கட்டும்.

கைத்தொழிலாகவும் ஆகலாம்

ஆறு மாதம் உங்கள் வீட்டுச் சைக்கிள்களை மட்டும் பாருங்கள். கை பழகிய பிறகு, அயல்வீட்டு ராத்தாவின் மகளுடைய சைக்கிள் வரும். அதன் பின் அவளுடைய தோழியின் சைக்கிள். ஆண்கள் கூடி நிற்கும் கடை வாசலில் காத்து நிற்கக் கூச்சப்படும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் வளவுக்கு அவர்கள் தயங்காமல் வருவார்கள். கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் ஒரு சகோதரிக்கு, வீட்டை விட்டுப் போகாமல் செய்யக்கூடிய தொழில்கள் எத்தனை இருக்கின்றன? தையலும் இடியப்பமும் தவிர இதுவும் ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது?

அப்படிச் செய்வதானால் ஒரு கொப்பி அவசியம். திகதி, யாருடைய சைக்கிள், என்ன குறை, என்ன சாமான் போட்டது, சாமான் விலை எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்று ஆறு கோடு கிழித்துக் கொள்ளுங்கள். சாமான் காசையும் கூலிக் காசையும் இரண்டு டப்பாவில் போடுங்கள். கலந்துவிட்டால், அடுத்த டியூப் வாங்கும் காசு மீன்கறிக்குப் போய்விடும். வேலையைத் தொடங்கு முன் கூலியைச் சொல்லிவிடுங்கள். "தெரிந்தவர்கள்தானே" என்று வாய்மூடி இருந்து, பின்னால் மனம் நோவதில் யாருக்கும் நன்மை இல்லை. பிறேக் வேலை செய்த சைக்கிளை, நீங்களோ மகளோ வளவுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

"இது ஆண்பிள்ளை வேலை" என்று மாமியோ காக்காவோ சொல்லக்கூடும். ஹொண்டா என்ற பெயரை அறியாத வீடு இங்கே இல்லை. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜப்பானியரான சோய்ச்சிரோ ஹொண்டாவின் தந்தை ஒரு கொல்லர். சைக்கிள் திருத்தும் கடையும் வைத்திருந்தார். தாய் ஒரு நெசவாளி. மருதமுனைத் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான குடும்பமா? போருக்குப் பின் 1946-இல் அவர் சைக்கிளில் ஒரு சிறு இயந்திரத்தைப் பொருத்தியபோது, அதை ஓட்டிப் பார்த்தவர்களில் அவருடைய மனைவி சாச்சியும் ஒருவர். விமானம் செய்த ரைட் சகோதரர்களும் 1892-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்துத்தான் தொடங்கினார்கள். 1903-இல் பறந்த அந்த விமானத்துக்கான செலவு சைக்கிள் திருத்தியும் விற்றும் சேர்த்த காசு.

நம் மகள் விமானம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நின்றது என்று அவிழ்த்துப் பார்க்கப் பயப்படாத ஒரு மனம் அவளுக்கு வர வேண்டும். பாடசாலையில் விஞ்ஞான பாடத்தில் படிக்கும் உராய்வும் நெம்புகோலும் பற்சில்லும் அவள் விரலுக்கு அடியில் இருக்கட்டும். எண்ணெய்க் கறை சவர்க்காரத்தில் போய்விடும். அந்தத் தைரியம் போகாது.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். மூத்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிணற்றடிக்குப் பின்னால் கிடக்கும் அந்தப் பழைய றலியை வெளியே எடுங்கள். வீணாய்ப் போனாலும் கவலையில்லாத சைக்கிளில் பழகுவதுதான் புத்தி. முதல் நாள் டியூபை மட்டும் கழற்றி, ஒட்டுப் போட்டு, திரும்ப மாட்டுங்கள். மறுநாள் காலையில் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை செயினுக்குப் போகலாம்.